மாப்பிள்ளை போட்ட பென்சில் கோடு

என் மாப்பிள்ளையின் அப்பா தச்சர். மாப்பிள்ளை வேலைக்குச் சேர்ந்ததோ விமான இன்ஜின்களைப் பிரித்து மாட்டும் பட்டறையில். என் பெண்ணைக் கட்டிக்கொண்டு என் வீட்டிலேயே தங்கிவிட்டவர். அதைப் பற்றித் தெருவில் யாரும் பேச இடம் கொடுக்கக் கூடாது என்றோ என்னவோ, இவரே ஓயாமல் பேசுவார். பேச்செல்லாம் இன்ஜின்தான். தலைக்கு மேலே விமானம் போனால் போதும், சாப்பிட்ட கையோடு வாசலுக்கு ஓடி, "நம்ம கை பட்டதாத்தான் இருக்கும்" என்பார். எதிர்வீட்டு டெய்லர் அண்ணாந்து பார்ப்பார். நான் பார்க்க மாட்டேன். எனக்குக் கழுத்து வலி.

அப்படி என்னதான் இருக்கிறது அதற்குள் என்று ஒருநாள் கேட்டு மாட்டிக்கொண்டேன்.

"பெரிய வித்தையெல்லாம் இல்ல அத்தை. முன்னாடி இருக்கற சக்கரங்க காத்தை இழுத்து, அமுக்கி அமுக்கி உள்ள தள்ளும். நடுவுல எண்ணெயைப் பீச்சி எரிப்போம். எரிஞ்ச காத்து பெருத்துப் போயி பின்பக்கமாப் பாயும். அது பின்னாடி பாயற வேகத்துல விமானம் முன்னாடி போகும்."

"முன்னாடி சக்கரத்தை யாரு சுத்தறது?"

"அதான் அத்தை விஷயமே! வெளிய பாயற நெருப்புக் காத்து, போற வழியில பின்னாடி இருக்கற சக்கரத்தைச் சுத்தி விட்டுட்டுத்தான் போகும். ரெண்டும் ஒரே தண்டுல கோத்திருக்கு. இது சுத்தினா அதுவும் சுத்தும்."

"அதாவது, பின்னாடி ஒருத்தன் வேகறான். முன்னாடி ஒருத்தன் காத்து வாங்கறான். அடுப்படியில என் பொண்ணு, வாசல்ல நீங்க."

உள்ளே என் பெண் சிரித்தது கேட்டது. மாப்பிள்ளை சிரிக்கவில்லை.

அந்தப் பின்சக்கரம்தான் அவருடைய வேலை. சக்கரத்தின் விளிம்பு முழுக்க விரல் நீளத்துக்குப் பிளேடுகள் செருகியிருக்குமாம். நெருப்பு நேராக வந்து அடிப்பது அவற்றின் மேல்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை, அதனால் எந்தப் பிளேடை விளிம்பில் எந்தக் காடிப் பள்ளத்திலிருந்து கழற்றினார்களோ அதே காடியில்தான் திருப்பிச் செருக வேண்டும். மாறினால் சக்கரம் ஆடும். அதற்காகப் பிளேடின் மேல் எண் எழுதுவார்கள். அதற்கென்றே ஒரு மார்க்கர் உண்டு. பென்சில் மட்டும் கூடவே கூடாது. பென்சிலில் இருப்பது கரி. அந்தச் சூட்டில் கரி உலோகத்துக்குள் இறங்கி, கோடு போட்ட இடத்திலேயே விரிசல் விடுமாம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், இன்ஜின் பாகங்களைக் கழுவும் பகுதியிலிருந்து ஒரு அம்மா புதிதாக இவர் பகுதிக்கு மாற்றலாகி வந்தாள். பழக்கமில்லாமல் சட்டைப்பையில் பென்சிலோடு வந்து நின்றிருக்கிறாள். இவர் அதைப் பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் எறிந்து, பட்டறையே திரும்பிப் பார்க்கும்படி, "இது என்ன, வண்ணான் கணக்கு எழுதற இடமா? கொலை பண்ணப் பாக்கறியா?" என்று கத்தியிருக்கிறார். அந்த அம்மா கழிவறைக்குள் போய் அழுதாளாம். அதை வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னார்.

"மெதுவாச் சொன்னா அவளுக்கு ஏறாதா?" என்றேன்.

"பயம் இருந்தாத்தான் அத்தை வேலை சுத்தமா இருக்கும்."

அப்புறம் கொஞ்ச நாளில் எங்கள் அலமாரிக் கதவு தரையில் இழுத்தது. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அதைக் கழற்றி, கோடு போட்டு, இழைத்து மாட்டினார். தச்சர் பிள்ளை, பென்சிலைக் காதில் செருகிக்கொள்வது பிறவிக் குணம். அதன்மேலேயே தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் வந்து தொப்பியைக் கழற்றினார்.

"காதுல என்ன மாப்பிள்ளை, பூவா?" என்றேன்.

கை காதுக்குப் போனது. பென்சிலை எடுத்துப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மார்க்கர் காஞ்சு போச்சு" என்றார். "ஸ்டோருக்கு நடக்கச் சோம்பப்பட்டுக்கிட்டு... கை தானா காதுக்குப் போயிருக்கு. எழுதிட்டேன்."

"அழிச்சிட்டாப் போச்சு" என்றாள் என் பெண்.

"செருகி, மேல மூடியாச்சுடி. நாளைக்கு ஓட்டிப் பாக்கப் போறாங்க."

"யாருக்குத் தெரியப் போகுது?"

நான் கேட்டேன்: "சொல்லாட்டி என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாமலும் போகலாம். ஒரு பிளேடு முறிஞ்சா பின்னாடி இருக்கறதையெல்லாம் அடிச்சு நொறுக்கும்."

"ஆளுங்க உக்காந்து போற வண்டி. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"சொல்லிடுவேன் அத்தை. அதுக்கு யோசிக்கல. அந்தம்மா அங்க நிப்பாங்களே."

"நிக்கட்டுமே. அன்னைக்கும் அங்கதானே நின்னா?"

என் வாய் அப்படித்தான். அவர் எழுந்து மேற்பார்வையாளருக்குப் போன் செய்தார். தெருவுக்கே கேட்கப் பேசும் மனுஷன், பக்கத்தில் நின்ற எனக்கே கேட்காமல் பேசினார்.

மறுநாள் இன்ஜினைத் திரும்பப் பிரித்தார்கள். எந்தெந்தப் பிளேடு என்று எல்லார் முன்னாலும் இவரே தொட்டுக் காட்ட வேண்டியிருந்தது. அந்த அம்மாவும் நின்றாள். பிளேடுகளை ஒதுக்கி வைத்துவிட்டு, இவரைக் கழுவும் பகுதிக்கு அனுப்பினார்கள். எண் எழுதும் வேலை அந்த அம்மாவுக்குப் போனது. இவர் கழுவித் தட்டில் அடுக்கிக் கொண்டுபோய் அவள் மேசையில் வைக்க வேண்டும்.

அதற்குப் பிறகு விமானச் சத்தம் கேட்டாலே குளிக்கப் போய்விடுவார். "மாப்பிள்ளையை வாசல் பக்கமே காணோமே?" என்று டெய்லர் கேட்டார். "பென்சிலால எழுதித் தொலைச்சிட்டாரு, கழுவ விட்டிருக்காங்க" என்றேன். மறைக்க இதிலென்ன இருக்கிறது? உள்ளே குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. வெகுநேரம் கதவு திறக்கவில்லை.

ஒருநாள் தட்டை மேசையில் வைக்கும்போது, அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்.

"என்ன சார் முணுமுணுக்கறீங்க?" என்றாளாம் அவள். "அன்னைக்கு அந்தக் கோடி வரைக்கும் கேட்டுச்சே."

"என்ன திமிரு பாத்தியாம்மா அவளுக்கு!" என்று என் பெண் குதித்தாள்.

"எதுடி திமிரு? திட்டினது ஊருக்கு, மன்னிப்பு மட்டும் காதுக்கா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளை தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துபோனார்.

மறுநாள் வேலையிலிருந்து வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

"சத்தமாச் சொல்லிட்டேன் அத்தை. நடுவுல நின்னு சொன்னேன். காத்து மெஷின் ஓடிட்டிருந்துச்சு, ஒருத்தருக்கும் கேக்கல."

"அப்புறம்?"

"அந்தம்மா போயி மெஷினை நிறுத்தினாங்க. எல்லாரும் திரும்பினாங்க. 'இப்ப சொல்லுங்க சார்'னாங்க."

"சொன்னீங்களா?"

"சொன்னேன். பாதியில உளறிட்டேன். மறுபடி முதல்லேருந்து சொன்னேன்."

"அவ என்ன சொன்னா?"

"மெஷினைத் திரும்பப் போட்டுட்டு வேலையைப் பாக்கப் போயிட்டாங்க."

"வேற என்ன செய்வா? அவளுக்கு வேலை கெடக்குல்ல" என்றேன்.