பெரியம்மாவுக்கு நான் எடுத்த இங்கிலீஷ் வகுப்பு

எங்கள் வீட்டில் ரகசியத்துக்கென்றே தனியாக ஒரு பாஷை இருந்தது. அது இங்கிலீஷ். அப்பா காந்தி ரோட்டில் ஒரு பட்டுச் சேலைக் கடையில் விற்பனையாளர். வெளிநாட்டுக்காரர்கள் வந்து இறங்கினால் முதலாளி அவரைத்தான் முன்னால் தள்ளுவார். அம்மா ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். அதனால் அப்பாவின் இங்கிலீஷில் சேலை வாசனையும் அம்மாவின் இங்கிலீஷில் கோர்ட் வாசனையும் அடிக்கும். பிள்ளைகள் காதிலும் விருந்தாளிகள் காதிலும் விழக்கூடாத எதையும் இரண்டு பேரும் எல்லோர் எதிரிலுமே அந்தப் பாஷையில் பேசி முடித்துவிடுவார்கள். நாங்கள் மூன்று பெண்கள். தமிழ் மீடியம். அக்காக்கள் இரண்டு பேரும் இதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். கடைக்குட்டியான எனக்குத்தான் மண்டை வெடிக்கும்.

நான்காம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் தெருமுனை வீட்டில் ஒரு மிஸ் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு ஆரம்பித்தார். என் ரகளை தாங்காமல் அம்மா என்னை அங்கே கொண்டுபோய்த் தள்ளினாள். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

மிஸ் முதல் வாரமே ஃப்ரேசல் வெர்பில் இறங்கிவிட்டார். கிவ் என்றால் கொடு. அதன் பின்னால் அப் என்ற வாலை ஒட்டினால் விட்டுவிடு. அவே என்ற வாலை ஒட்டினால் ஒரேயடியாகத் தூக்கிக் கொடுத்துவிடு. இந்த வால்களுக்கு ஒரு நியாயமும் கிடையாது, புழங்கிப் புழங்கித்தான் பழக வேண்டும் என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் சொந்தமாக ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும், அது அவரவர் வீட்டில் தினம் நடப்பதாக இருக்க வேண்டும். அதனால் அந்தக் கோடையில் எங்கள் தெருவில் யார் வீட்டில் யார் எத்தனை மணிக்கு எழுகிறார்கள், யார் குடியை விட்டார்கள், யார் விடவில்லை என்பதெல்லாம் மிஸ்ஸுக்கு அத்துப்படி ஆகிவிட்டது.

அப்போதுதான் பெரியம்மா வந்தாள். அம்மாவின் அக்கா. பக்கத்துக் கிராமமான தாமலில் ஏரிக்குக் கீழே நிலமும் இரண்டு மாடும் வைத்திருந்தார்கள். குழந்தை இல்லை. வைகாசியில் கருட சேவைக்கு வந்தால் பத்து நாள் தங்கிவிட்டுத்தான் போவாள். போகும்போது என் கன்னத்தைக் கிள்ளிக்கொண்டு, "மூணு வெச்சிக்கினு என்னா பண்ணப் போற? இவள எனக்குக் குடுத்துடும்மா" என்று அம்மாவிடம் சொல்வாள். எல்லோரும் சிரிப்போம். அந்த வருஷம் அவள் அதை வந்த அன்றைக்கே கேட்டாள். "ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள சொல்லுங்க. அங்கியே சேத்துடறேன்." யாரும் சிரிக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் உடனே இங்கிலீஷுக்குத் தாவினார்கள்.

பெரியம்மாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். தாமலையும் பிடிக்கும். ஆனால் எத்தனை பிடித்தாலும் நாலாம் நாள் அம்மா வந்து அழைத்துப் போய்விடுவாள் என்ற தைரியத்தில் பிடிப்பது அது. இனி என் பிழைப்பே இவர்கள் பேசும் இங்கிலீஷில் தொங்குகிறது என்று ஆனபின், வகுப்பில் என்னைப் போல் கவனமான பிள்ளை இல்லை என்று மிஸ் அம்மாவிடம் மெச்சிக்கொண்டார்.

மத்தியானங்களில் அம்மா ஆபீசுக்குப் போனபின் நான் கதவின் உள்பக்கத்தில் சாக்பீஸால் எழுதி டீச்சர் விளையாட்டு விளையாடுவேன். அக்காக்கள் மாணவிகளாக உட்கார மறுத்துவிட்டார்கள். பெரியம்மாதான் தானாக வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "எனக்கும் சொல்லிக் குடும்மா. சும்மா குந்திக்கினு இருக்கறதுக்கு இதுனா கத்துக்கினு போறேன்."

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஆனாலும் கெட்டி. லுக் ஆஃப்டர் சொல்லிக்கொடுத்ததும், "ஐ லுக் ஆஃப்டர் கவ்" என்றாள். கிவ் அப்புக்கு, "பெரியப்பா நோ கிவ் அப் பீடி" என்று சொல்லிவிட்டுத் தானே விழுந்து விழுந்து சிரித்தாள். புட் ஆஃப் என்றால் தள்ளிப்போடுவது என்றதும், அரசாங்க ஆபீசில் பட்டாவுக்காக நடந்ததை எல்லாம் சொல்லி, "அத்தினியும் புட் ஆஃப்பாம்மா?" என்று கேட்டாள். ஆமாம், ஃபுல் மார்க் என்றேன். ப்ரிங் அப் என்றால் ஒரு குழந்தையை வளர்த்து ஆளாக்குவது என்று சொன்னபோது மட்டும் வாக்கியம் ஏதும் சொல்லவில்லை. "இன்னொரு தபா சொல்லு" என்றாள். சொன்னேன். வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

கருட சேவை முடிந்த மறுநாள் சாயங்காலம். பெரியம்மா கூடத்தில் முறத்தை வைத்துக்கொண்டு முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்பா அடுப்படி வாசலில் நின்றபடி, வழக்கம்போல் சத்தமாகவே அம்மாவைக் கேட்டார்.

"ஷீ இஸ் வெயிட்டிங். வாட் டு சே?"

உள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஐ கேனாட் கிவ் அவே மை டாட்டர். ஐ வில் ப்ரிங் அப் ஆல் த்ரீ." பிறகு, "லெட் அஸ் புட் ஆஃப். ஷீ வில் கிவ் அப்" என்றாள்.

ஒன்று விடாமல் புரிந்தது. என் பெண்ணைத் தூக்கிக் கொடுக்க மாட்டேன், மூன்றையும் நானே வளர்ப்பேன், இப்போதைக்குத் தள்ளிப்போடுவோம், அவளே ஆசையை விட்டுவிடுவாள். இங்கிலீஷ் இவ்வளவு இனிப்பான பாஷை என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஓடிப்போய் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். "என்னாடி, கரண்டி கையில இருக்குது, சுட்டுடும்" என்று அவள் உதறினாள். நான் விடவில்லை.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பா தட்டிலிருந்து காம்பு காம்பாக எடுத்து ஓரம் வைத்தார். "என்னக்கா, கீரையில பாதி காம்பாவே இருக்குது" என்று அம்மா கேட்டாள். "பொழுது போயிடுச்சில்ல, கண்ணு தெரியலம்மா" என்றாள் பெரியம்மா.

காலையில் எழுந்தபோது அவள் பையைக் கட்டி வைத்திருந்தாள். பத்து நாளுக்கு வந்தவள் ஆறாம் நாளே கிளம்பினாள். அம்மா பதறிப்போய், ஸ்கூல் விஷயமாக அப்புறம் சொல்கிறேன் என்று தடுமாறினாள். பெரியம்மா அவளை முடிக்கவிடாமல் சிரித்தாள். "அட, நீ வேற. தமாஷுக்குக் கேட்டேம்மா. மாட்டப் பாக்கறதா, இவ பின்னாடி ஓடறதா? என்னால ஆவாது. புள்ள உங்கிட்டியே இருக்கட்டும்." அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். சொல்ல முடியாத ஒன்றைச் சொல்லாமலே தப்பித்துவிட்ட நிம்மதி அது. அக்காவுக்கு எவ்வளவு பெரிய மனசு, தானாகவே விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று அம்மா இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்கிறாள். நான் திருத்தியதில்லை.

எனக்கு அன்று இருந்த ஒரே வருத்தம் வேறு. மிஸ் கொடுத்த ஃப்ரேசல் வெர்ப் தாளில் பாதிகூடத் தாண்டவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியெல்லாம் பெரியம்மாவிடம் முறையிட்டுக்கொண்டே போனேன்.

"இன்னும் நெறைய இருக்குது பெரியம்மா. டேக் ஆஃப், டர்ன் ஆஃப், எதுவுமே நடத்தல."

தாமல் பஸ் வந்து நின்றது. அவள் என் தலையைத் தடவிக்கொடுத்தாள். "போதும்மா. எனக்கு வேண்டியது அல்லாம் வந்துடுச்சி. நீ நல்லா சொல்லிக் குடுத்த."

ஒரு டீச்சருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? எனக்குத் தலைகால் புரியவில்லை. என்னிடம் படித்து ஆறே நாளில் ஒருவர் இங்கிலீஷில் தேறிவிட்டார் என்று அன்று முழுக்கத் தெருவில் ஒரு வீடு விடாமல் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தேன்.