விளக்கின் மேல் வைத்த பொட்டு

அனுராதாவை யாரும் குறை சொல்லிவிட முடியாது. எங்கள் பல்கலைக்கழகக் கணினி மையத்துக்கு அவர்தான் தலைமை. வை-ஃபை நின்றுவிட்டால் துணைவேந்தரிலிருந்து விடுதி மாணவர்கள் வரை அவரைத்தான் திட்டுவார்கள். எல்லாம் ஒழுங்காக ஓடும்போது அப்படி ஒருவர் இருப்பதே யாருக்கும் ஞாபகம் இருக்காது. கணினி ஊழியர்களின் தலையெழுத்து அது. அதனால்தான் வருடம் ஒருமுறை எல்லாப் பல்கலைக்கழகங்களின் கணினி ஊழியர்களும் கூடும் மாநாட்டுக்கு, கல்யாணத்துக்குக் கிளம்புவதுபோல் கிளம்புவோம். நம் பாடு புரிந்தவர்கள் அங்கேதான் கிடைப்பார்கள்.

இந்த ஆனியில் மாநாடு எங்கள் வளாகத்திலேயே, தஞ்சாவூரில் நடந்தது. வெளியூர்க்காரர்கள் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டே வந்து இறங்கினார்கள். கடைசி அமர்வுக்கு எப்போதும் கூட்டம் நெரியும். 'கவிழ்ந்த கதை' என்று அதற்குப் பெயர். தன் இடத்தில் எது கவிழ்ந்தது, எப்படி நிமிர்த்தினோம் என்று ஒருவர் மேடையேறிச் சொல்ல வேண்டும். இந்த முறை அனுராதாவின் பங்கு. போன ஐப்பசியில் எங்கள் பேட்டரி அறை தீப்பிடித்ததையும், மறுநாள் சாயங்காலத்துக்குள் அவர் எல்லாவற்றையும் மீட்டதையும் சொல்வதாக ஏற்பாடு.

அந்தக் கதையில் அவர் சொல்லப் பிரியப்படாத பெயர் ஒன்று உண்டு. சாமிதுரை, நன்னிலம் பக்கத்துக்காரர், யூ.பி.எஸ். கம்பெனியின் சர்வீஸ் ஆள். தீப்பிடித்த அன்று உள்ளே ஓடி இணைப்பைத் துண்டித்தவர் அவர்தான். வலது கை வெந்துபோய், இரண்டு விரல்கள் இன்றும் மடங்காது. அப்படியும் பழி அவர் தலையில்தான் விழுந்தது. புகை அலாரம் அடிக்கவில்லை, அதை யாரோ அணைத்து வைத்திருந்தார்கள். முந்தைய நாள் அங்கே வேலை பார்த்தவர் சாமிதுரை. வேலைக்காக அணைத்துவிட்டு மறந்திருப்பார் என்று விசாரணையில் முடிவு கட்டினார்கள். அவரும் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. கம்பெனியில் வேலை போயிற்று.

அலாரத்தை அணைக்கிற இன்னொருவர் உண்டு, ஆயுத பூஜையன்று. சர்வருக்குக் கற்பூரம் காட்டினால் அலாரம் ஊரைக் கூட்டிவிடுமே! அதனால் அனுராதா முதலில் சுவரில் இருக்கும் அலாரப் பேனலில் அதை அணைப்பார். பிறகு சர்வர், பேட்டரி, பேனல், சாவிக்கொத்து என்று ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் வைப்பார். பேராவூரணியிலிருந்து அப்பா கொடுத்தனுப்பிய தேங்காயை உடைப்பார். புகை அடங்கியதும் அலாரத்தை மறுபடி போடுவார். அது அணைந்து கிடந்தால் பேனலில் மஞ்சள் விளக்கு எரியும். தீப்பிடித்தது பூஜைக்குச் சில நாள் கழித்து. விசாரணையில் கேட்டபோது, பூஜை முடிந்ததும் போட்டுவிட்டேன், கிளம்பும்போது பார்த்தேன், மஞ்சள் விளக்கு எரியவில்லை என்று சொன்னார். அவருக்குப் பொய் பேச வராது. எல்லாரும் நம்பினோம்.

மாநாட்டின் முதல் நாளே சாமிதுரையைப் பார்த்துவிட்டோம். இப்போது ஒரு பந்தல்காரரிடம் ஜெனரேட்டர் ஓட்டுகிறாராம். மாநாட்டுக்கு வந்த ஜெனரேட்டரோடு அவரும் வந்து மண்டபத்தின் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அனுராதா பார்க்காததுபோல் முன்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு வணக்கம் வைத்தால் என்ன குறைந்துவிடும்?

இரண்டாம் நாள் காலையில், மேடையில் காட்டலாம் என்று கரி படிந்த பழைய பேனலைக் கிடங்கிலிருந்து எடுத்துவந்தோம். அனுராதா ஈரத்துணியால் துடைத்தார். கரி போனது. மஞ்சள் விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் சந்தனம் காய்ந்து அப்பிக் கிடந்தது, நடுவில் கறுத்துப்போன குங்குமம். நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார். அடியில் விளக்கின் கண்ணாடி தெரிந்தது.

விசாரணை நடத்திய பதிவாளர் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார், மாநாடு முடியட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றேன். அனுராதா பேனலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அலாரத்தைப் போட்டதா நினைச்சேன், போடலை. விளக்கு எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கு. நான்தான் மூடி வச்சிருக்கேன்" என்றார்.

மேடையில் அவர் தயாரித்து வைத்திருந்த எதையும் காட்டவில்லை. பேனலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னார். முதலில் சிரிப்பு எழுந்தது. எந்தச் சர்வர் அறையில்தான் பொட்டு இல்லை? சாமிதுரையின் கையைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பு அடங்கியது. பழி தன்னுடையது, அவருடையது அல்ல என்று சொல்லி இறங்கினார். பதிவாளர் எழுந்து வெளியே போய்விட்டார். மற்றவர்கள் கைதட்டினார்கள். எனக்கு அந்தக் கைதட்டல் பிடிக்கவே இல்லை. தட்டிவிட்டு நேராகச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள்.

அனுராதா பின்வாசல் வழியாகப் போனார், நானும் கூடப் போனேன். ஜெனரேட்டர் இரைச்சலில் சாமிதுரைக்கு உள்ளே பேசியது எதுவும் கேட்டிருக்கவில்லை. அனுராதா மறுபடி முதலிலிருந்து சொன்னார். சொல்லும்போதே அழுதுவிட்டார்.

சாமிதுரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "அந்தப் பொட்டை நானும் பார்த்தேன் மேடம். தீக்கு முந்தின நாள் வேலைக்கு வந்தப்பவே பார்த்தேன். அலாரத்தை நான் தொடலை. விளக்கை மறைக்குதேன்னு துடைக்கப் போனேங்க. சாமி கும்பிட்டு வச்சதைத் துடைக்க மனசு வரலை. விட்டுட்டேன். அதான் விசாரணையில வாயைத் திறக்கலை."

துடைக்கப் போனது அந்த வலது கையாகத்தான் இருக்கும்.

பதிவாளருக்கு அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடுவதாக அனுராதா சொன்னார். சாமிதுரை யோசித்துவிட்டு, "குடுங்க மேடம். ஆனா நான் பார்த்துட்டு விட்டதையும் சேர்த்து எழுதுங்க" என்றார்.

"அதை எழுதினா கம்பெனியில உங்களைத் திரும்பச் சேர்க்க மாட்டாங்க, சாமிதுரை."

"எழுதலைன்னா நீங்க மட்டும் மாட்டுவீங்க. அது நல்லா இருக்காதுங்க."

அனுராதா இரண்டையும் எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரமே அவருக்கு மெமோ வந்தது. சாமிதுரைக்கு இன்றுவரை ஒரு பதிலும் வரவில்லை.