கடைசி வீட்டுத் தண்ணீர்

"திங்கட்கிழமை மாலை. கரண்ட் இல்லை. கடைசி வீட்டில் தண்ணீர் வந்தது." போன கோடையின் நாட்குறிப்பில் அன்றைக்கு நான் எழுதியது இவ்வளவுதான்.

தாராவியில் எங்கள் சந்து முழுவதற்கும் ஒரே குழாய்; அதிலிருந்துதான் எல்லா வீட்டுக்கும் இணைப்பு. மாலையில் தண்ணீர் திறந்ததும் வீட்டுக்கு வீடு மோட்டார் உறுமும். சந்து முனையில் இருக்கும் முன்வீட்டுக்காரர் பெரிய மோட்டார் வைத்தார். அடுத்தவர் அதைவிடப் பெரியது. சந்தின் கடைசியில் இட்லிக்கார அக்கா. கோடை பிறந்ததும் அவர் வீட்டில் தண்ணீர் நின்றது. தண்ணீர் இல்லையென்றால் மாவு இல்லை. மாவு இல்லையென்றால் காலையில் மாட்டுங்கா பக்கம் இட்லிக் கூடையோடு விற்கப் போவதற்கில்லை. அவரும் பெரிய மோட்டார் வாங்கினார். அது காற்றைத்தான் இழுத்தது.

அடைப்பு என்றார்கள், துரு என்றார்கள். சிக்கலான எதையும் தொடுவதற்கு முன் கொஞ்ச நாள் சும்மா பார்க்க வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். தினமும் தண்ணீர் நேரத்தில் சந்தில் நடந்தேன்.

"என்னவே, எங்க மோட்டாருக்கு நாடி பாக்கீரா?" என்றார் முன்வீட்டுக்காரர்.

அந்தத் திங்கட்கிழமை கரண்ட் போனது. எல்லா மோட்டாரும் அடங்கின. கடைசி வீட்டிலிருந்து கூவல்: "தம்பி, ஓடி வா! மோட்டார் இல்லாம தானா கொட்டுது!"

மறுநாளே சந்தில் பஞ்சாயத்து: கடைசி வீடு நிறையும்வரை யாரும் மோட்டார் போடக் கூடாது என்று பேச்சு. "நான் மோட்டாரை பந்த் பண்ணுதேன். அடுத்தவன் போட்டுட்டான்னா?" முன்வீட்டுக்காரர் கேட்டது நியாயம்தான்.

"சத்தம் கேக்காமலா போகும்?" என்றார் அக்கா. "எனக்கு நிறைஞ்சதும் இட்லிக் கொப்பரை மூடியைத் தட்டுதேன். அதுக்கப்புறம் ஓட்டுங்க. எவனாவது முந்தினா அவன் வீட்டுக்கு இட்லி கிடையாது."

அன்று மாலை மூடி டணடணவென்று ஒலித்தது. பிறகு மோட்டார் போட்ட முன்வீட்டுத் தொட்டியும் நிறைந்தது. அவருக்கே ஆச்சரியம்.

இங்கேதான் எனக்கு உறுத்தல். கரண்ட் போன அதே திங்கட்கிழமை பகலில்தான் முனிசிபாலிட்டி ஆட்கள் சந்து முனையைத் தோண்டி ஒரு துண்டுக் குழாயை மாற்றிவிட்டுப் போயிருந்தார்கள். கரண்ட் போன ஒரே மாலையை வைத்துத் தீர்ப்பு எழுதலாமா? ஒருநாள் மட்டும் எல்லோரும் பழையபடி மோட்டார் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று அக்காவிடம் சொன்னேன்.

"உன் சோதனைக்கு என் மாவுதான் கெடைச்சுதா?" என்று மூடியைக் கையில் எடுத்தார். நான் நகர்ந்துவிட்டேன்.

ஆகவே, தண்ணீரைக் கடைசி வீட்டுக்குக் கொண்டுவந்தது எங்கள் ஏற்பாடா, புதுக் குழாயா என்பது இன்னும் சரிபார்க்கப்படவில்லை.