நான்கு வண்டிகளின் சத்தம்

பெலாகியா அக்காவைப் பற்றிச் சொல்வதென்றால் அவளுடைய காதிலிருந்துதான் தொடங்க வேண்டும். மோட்டார் சைக்கிள் பந்தயத் திடலின் கடைசி வளைவுக்குப் பின்னால் எங்கள் வீடு. ஒரே மாடிப்படி, எதிரெதிர்க் கதவு. வண்டிகள் பயிற்சி ஓடும் வியாழக்கிழமைகளில் எங்கள் தெருவில் யாரும் துணி காயப்போட மாட்டோம். ஓடுபாதையில் பரப்பியிருப்பது கரித்தூள்; சக்கரங்கள் அதை வாரியடித்து ஜன்னலெல்லாம் படியும். எஞ்சினில் ஆமணக்கெண்ணெய் எரிகிற வாசனை திரைச்சீலையில் ஏறினால் அடுத்த வியாழன் வரை இறங்காது.

அக்காவின் ஒரே மகன் கொன்ராத் அங்கேதான் ஓட்டினான். பிரேக் இல்லாத ஜாவா வண்டி. கணவரை முன்பே இழந்தவள், மகன் ஓட்டுவதைப் பார்க்க ஒரு நாளும் போனதில்லை. ரேடியோவும் போடமாட்டாள். சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்வாள். ஓட்டத்துக்கு நான்கு பேர், நான்கு சுற்று, ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். நான்கு சத்தமும் கடைசிவரை கேட்டால் நல்லது. நடுவில் எல்லாச் சத்தமும் அடங்கினால் யாரோ விழுந்துவிட்டான், சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். மறுபடி ஓட்டம் தொடங்கும்போது அவள் கைவேலையை நிறுத்திவிட்டு எண்ணுவாள்.

மகனுடைய வண்டியைத் தனியாகவே அடையாளம் சொல்வாள். "சளி புடிச்ச கெழவன் மாதிரி ரெண்டு தரம் இருமிட்டுத்தான் கெளம்பும், கேளு" என்பாள். உண்மைதான். அவனிடம் இரண்டு வண்டி இருந்தது. இரண்டையும் அவனே திருகி முடுக்கியதால் இரண்டும் ஒரே மாதிரி இருமும்.

"காத வெட்டிக் குடுங்கக்கா, மெக்கானிக் சம்பளமாவது மிச்சமாகட்டும்" என்பார் என் கணவர் வாலென்டி. அவருக்கு எல்லாமே கேலி. ஒருமுறை மூச்சிரைக்க மாடியேறி வந்து, "கொன்ராத் வேலியத் தாண்டி பீர்க் கடைக்குள்ள போய் விழுந்துட்டான்" என்றார். அக்கா ஒற்றைச் செருப்போடு தெருவுக்கு ஓடினாள். அங்கே கொன்ராத் சைக்கிளில் வந்துகொண்டிருந்தான். தெருவே சிரித்தது. அந்தத் தவக்காலம் முழுவதும் அவள் வாலென்டியிடம் முகம் கொடுக்கவில்லை.

மறு வருடம் உலகப் போட்டியின் ஒரு சுற்று எங்கள் ஊருக்கு வந்தது. டென்மார்க்காரர்கள், இங்கிலாந்துக்காரர்கள், ரஷ்யர்கள், செக் நாட்டுக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். நம் ஊர்ப் பையன்களில் கொன்ராத்துக்கு இடம் கிடைத்தது. அவன் சிநேகிதன் ஸ்தாஷெக் ரிசர்வ். யாராவது ஓட்ட முடியாமல் போனால் அவன் இறங்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்த கொன்ராத் சூப் மட்டும் குடித்தான். "மிச்சத்த வந்து சாப்பிடறேம்மா. சின்னம்மாவயும் இருக்கச் சொல்லு" என்று என்னைக் காட்டிவிட்டுப் போனான். அக்கா வாத்தை அடுப்பில் ஏற்றினாள். நான் சிவப்பு முட்டைக்கோஸ் அரிந்தேன். மாவு உருண்டைகள் ஆவியில் வேகத் தொடங்கியிருந்தன.

நாலைந்து ஓட்டம் நன்றாகப் போனது. அடுத்ததில் வண்டிகள் கிளம்பி முதல் வளைவைத் தொட்டிருக்கும், சத்தம் அறுந்தது. அக்கா மாவுக் கையோடு நின்றாள். திடலில் அத்தனை ஆயிரம் பேர் இருந்தும் ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் படியில் காலடி. வாலென்டி, தலையில் தொப்பி இல்லை.

"அக்கா, கொன்ராத் விழுந்துட்டான். மேடைக்குக் கீழ டாக்டர் ரூம்ல படுக்க வெச்சிருக்காங்க. ஒங்களத்தான் கேக்குறான். வாங்க."

"எத்தன பீரு குடிச்ச?"

"ரெண்டு. ரெண்டேதான். கெளம்புங்கக்கா."

அந்த நேரம் பார்த்து வெளியே வண்டிகளைத் தள்ளி உயிர்ப்பித்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது இரண்டு தரம் இருமிவிட்டுக் கிளம்பியது. நானும் கேட்டேன்.

அக்கா மாவு படிந்த விரலைத் தூக்கினாள். "கேட்டியா? யாரு அது, ஒங்க தாத்தாவா?"

"அது கொன்ராத்தோட இன்னொரு வண்டிக்கா. ஸ்தாஷெக் வண்டி காலைலயே மக்கர் பண்ணிருச்சு. அதான் இவனோடத எடுத்துட்டு எறங்குறான்."

"போன வருசம் பீர்க் கடை. இந்த வருசம் ரூமா. போய்யா, மூடியத் தெறந்தா உருண்ட அமுங்கிடும்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பாரு, ரெண்டாவது வளைவுல திருப்புறான். அவன் கைதான். எனக்குத் தெரியாதா?" நான்கு சுற்றும் அப்படியே நின்று கேட்டாள். முகத்தில் அவ்வளவு நிம்மதி. அவளுக்குப் பின்னால் என் கணவர் தரையில் உட்கார்ந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதார். அவர் அழுது அதற்குமுன் நான் பார்த்ததில்லை. நான் கத்தியைக் கீழே வைத்தேன். ஓட்டம் முடிந்து கூட்டம் கைதட்டியது. அப்போதுதான் அவள் திரும்பிப் பார்த்தாள்.

ஏப்ரனோடு ஓடினாள். திடல் வாசலை எட்டுவதற்குள் ஆம்புலன்ஸ் அவளைக் கடந்து போனது. போஸ்னான் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே கொன்ராத் இறந்துவிட்டான்.

விழுந்த இடத்திலேயே உயிர் போனதாகப் பத்திரிகையில் எழுதினார்களாம். எனக்குப் படிக்கத் தெரியாது. யார் வந்து திருத்தினாலும் நான் காதால் கேட்டதைத்தான் சொல்வேன். ஸ்தாஷெக் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அந்த அறையில் கொன்ராத் ஒன்றையேதான் திரும்பத் திரும்பக் கேட்டானாம்: "அம்மா வந்துட்டாங்களா?"

அக்கா வாலென்டியை ஒரு சொல்கூடக் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் அதற்குப்பின் யாரையும் கேலி செய்யவில்லை. எங்கள் வீட்டில் சிரிப்பே குறைந்துபோனது.

அடுத்த வசந்தத்தில் முதல் பந்தயத்தன்று அக்கா ஜன்னலைச் சாத்தினாள். தலைத்துணியைக் கட்டிக்கொண்டு திடலுக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

"டிக்கெட் எங்கம்மா?" என்றான் வாசல்காரன்.

"நான் ஆட்டம் பாக்க வரல."

பார்வையாளர் மேடைக்குக் கீழே அந்த அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு இருந்தது. ஓட்டத்துக்கு முதுகைக் காட்டி அதில் உட்கார்ந்தாள். விழுந்த பையனைத் தூக்கி வந்தால் உள்ளே போய்த் தலைமாட்டில் நிற்பாள். அவனுடைய அம்மா வந்ததும் எழுந்து வந்துவிடுவாள். மருத்துவர்கள் திட்டினார்கள். கிளப் தலைவர் இரண்டு தடவை வெளியே அனுப்பினார். பிறகு விட்டுவிட்டார்கள்.

வெளிநாட்டுப் பையன்களுக்கு அம்மா எங்கே வருவாள்? தோள் எலும்பு முறிந்த ஒரு இங்கிலாந்துப் பையன், காதோரம் இன்னும் பூனைமயிர், கரித்தூள் அப்பிய முகத்தோடு தன் மொழியில் எதையோ கேட்டுக்கொண்டே இருந்தான். அக்காவுக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை.

"வந்துட்டேன்டா, இங்கதான் இருக்கேன்" என்று நம் பேச்சிலேயே சொன்னாள். ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தும்வரை சொன்னாள்.

நடக்க முடியாமல் கால் விழும்வரை அப்படிப் போனாள். இப்போது கொன்ராத்துக்குப் பக்கத்தில் இருக்கிறாள். கல்லறைத் திருநாளில் ஸ்தாஷெக் வந்து இருவருக்கும் விளக்கு வைக்கிறான். அவனுக்கும் தலை வழுக்கையாகிவிட்டது.

எதிர்வீட்டில் வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். இன்றைக்கும் ஓட்டத்தின் நடுவில் சத்தம் அடங்கினால் நான் அடுப்பை அணைத்துவிட்டு மாடிப்படியில் வந்து நிற்கிறேன். மறுபடி வண்டிகள் கிளம்பும்போது எண்ணுவதில்லை.