ஆளில்லாத வீட்டில் அடுப்பு

காதில் டெஸ்டரைச் செருகிக்கொண்டுதான் லிப்ட்காரர் சமையலறைக்குள் நுழைவார். லிப்ட் பழுதுபார்ப்பது அவர் தொழில். கரண்டிக்கும் ஸ்க்ரூடிரைவருக்கும் வித்தியாசம் பாராமல் கை நீளும். ஒருமுறை ஸ்க்ரூடிரைவரால் சூப்பைக் கலக்கிவிட்டு, "இரும்புச் சத்துதானே!" என்றார். சிரிக்கத்தான் ஆளில்லை.

மனைவி ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி நர்ஸ். அவள் வரும் நேரம் அவர் கிளம்பும் நேரம். அவர் திரும்புவதற்குள் அவள் போயிருப்பாள். குடும்பம் நடப்பதெல்லாம் படிக்கட்டில்தான்.

"ஊருக்கெல்லாம் லிப்ட் சரி பண்றீங்க, நமக்கு மட்டும் மூணு மாடி படி" என்பாள், கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கியபடி.

"லிப்ட் இருந்தா இவ்வளவு நேரம் பேசியிருப்போமா?" என்பார். அதற்குள் கீழே கம்பெனி வேன் ஹாரன் அடிக்கும்.

டியூட்டி மாற்ற வருபவள் தாமதித்தால் அந்தப் பேச்சும் கிடையாது. அப்படிப்பட்ட நாட்களில் அவர் வைத்துவிட்டுப் போன சூப், ஏடு படிந்து, மாலையில் தொடாமலே இருக்கும். சூடுபண்ணத் தெம்பில்லாமல் பசியோடே படுத்தெழுந்து டியூட்டிக்குப் போயிருப்பாள். அவள் கைக்கடிகாரம் மணிக்கட்டில் வளையலாகச் சுழல்வதை ஒருநாள் பார்த்தார். அன்றைக்கே வேலையில் இறங்கினார்.

அவர்களுடைய கரண்ட் அடுப்புக்குக் கொதிக்கவைக்கத் தெரியும், அணைந்துபோகத் தெரியும்; இதமாக நிற்கத் தெரியாது. அடுப்புத் தட்டின் அடியில் சூடு அறியும் சென்சாரைப் பித்தளைப் பட்டையால் இறுக்கினார். பழைய டிபன் டப்பாவுக்குள் கரண்ட்டைத் துண்டிக்கும் ரிலேயும் சர்க்யூட்டும் போயின. எண்பது டிகிரி வந்தால் 'டக்'கென்று கரண்ட் நிற்கும். நின்றது, தட்டுதான் தன்பாட்டுக்குச் சூடேறி சூப்பை அடிப்பிடிக்க வைத்தது.

"கோவக்காரன் மாதிரி, நிறுத்தின பிறகும் அடங்க மாட்டேங்குதே!" என்று அடுப்போடு மல்லுக்கட்டினார். தளம் வருமுன்பே லிப்ட் வேகத்தைக் குறைப்பதில்லையா? எண்பதுக்கு முன்பே கரண்ட்டை விட்டு விட்டுத் தரும்படி சர்க்யூட்டை மாற்றினார். அடங்கியது.

படிக்கட்டில் விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் சுருங்கியது. "ஆளில்லாத வீட்டுல அடுப்பா? தீக்காய வார்டுல நிக்கிறவ நான். வேணவே வேணாம்."

ஹாரன் அடித்தது. அவர் இறங்கிப் போனார்.

அதன்பின் ஒருநாள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு அவளுக்காகக் காத்திருந்தார். வந்தவளைச் சமையலறையில் நிறுத்தி, சென்சாரை வேண்டுமென்றே பிடுங்கினார். கட்டுப்பாடு இழந்த தட்டு தகதகவென்று சூடேறியது. அவள் ஒரு அடி பின்வாங்கினாள். உள்ளே அவர் வைத்திருந்த ஃப்யூஸ் சூட்டில் உருகி, எல்லாம் செத்து நின்றது.

"லிப்டுக்கு ரெண்டு பிரேக். இதுக்கும் ரெண்டு" என்றார்.

அவள் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல், தட்டு ஆறும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். "தூக்கம் வருது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாள். அவர் புது ஃப்யூஸ் மாட்டினார்.

மறுநாள் மாலை வீடு வழக்கம்போல இருட்டாகக் கிடந்தது. விளக்கைப் போட்டார். சூப் பாத்திரம் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. அடுப்பின்மேல் அவள் வைத்துவிட்டுப் போன வேறொரு பாத்திரம், மூடியோடு. 'டக்' என்றது டப்பா.

பசிதான். ஆனாலும் அவர் மூடியைத் திறக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் இதமான மூடியின்மேல் வைத்துக்கொண்டார்.