மாட்சூ சிரித்த நாள்

தைவானின் லூகாங் ஊரில் சுன்மேய் அக்கா முடிவெட்டிக்கொள்வதற்குக்கூட மாட்சூ அம்மனைக் கேட்பவள். இரண்டு பிறைக்கட்டைகளைத் தரையில் போடுவாள். ஒன்று மல்லாந்து மற்றது கவிழ்ந்தால் சம்மதம். இரண்டும் கவிழ்ந்தால் மறுப்பு, இரண்டும் மல்லாந்தால் அம்மன் சிரிக்கிறாள். பெரிய காரியமென்றால் தொடர்ந்து மூன்று சம்மதம் விழ வேண்டும்.

அவள் வேலை பார்த்த செருப்பு ஆலையைச் சீனாவுக்கு மாற்றினார்கள். "என்னைக் கட்டிக்கிட்டு நீயும் வந்துடு" என்றார் மேற்பார்வையாளர் லியாவ். அவளுக்கும் ஆசைதான். ஆனாலும் கோயிலுக்கு ஓடினாள். இரண்டு முறை சம்மதம் விழுந்தது. மூன்றாவது சிரிப்பு.

"மனசுல முடிவு பண்ணிட்டு எதுக்குடி என்னைக் கேக்குறேன்னு சிரிக்கிறா. போய்ப் பெட்டியைக் கட்டு" என்றார் கோயில் பெரியவர்.

"மூணு விழலையே, மாமா!"

லியாவ் தனியாகப் போனார். அங்கேயே வேறொருத்தியைக் கட்டிக்கொண்டார்.

இப்போது கோயிலில் மற்றவர்களுக்குக் குறி சொல்வது அக்காதான். போன வாரம் ஒரு பெண்ணுக்குச் சிரிப்பு விழுந்தது. "மறுபடி கேக்காதே, ஓடுடி!" என்று அவளை வாசல்வரை தள்ளிக்கொண்டு போனாள்.

"அன்னிக்கு நீங்க ஏன்கா ஓடலை?" என்று கேட்டேன்.

கட்டைகளைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அம்மன் வேண்டாம்னு சொல்லியிருந்தா அவகூட சண்டை போட்டுட்டாவது போயிருப்பேன். சிரிக்கிறவகிட்ட எப்படிச் சண்டை போடுறது?"