மொட்டைத் தலை லெஃப்ட் பேக்

1. முதல் நாள்

ஃபுட்பால் கிளப்பில் என் முதல் நாள் அரை மணி நேரத் தாமதத்தோடு தொடங்கியது. கிள்ளானில் கொமியூட்டர் ரயில் ஏறி, பெட்டாலிங் ஜெயாவில் இறங்கி, கிரவுண்டுக்கு நடந்தே போய்விடலாம் என்று நினைத்தது என் புத்திசாலித்தனம். பூட்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்கப் போய் நின்றால், மொத்த டீமும் ஏற்கெனவே மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. கையெழுத்துப் போட்ட காண்ட்ராக்டின் மை காய்ந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

கோச் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் மலாய்க்காரர், பேசுவதெல்லாம் மலாயில். ஒன்றிரண்டு சொல்லைத் தவிர மற்றதை இங்கே தமிழில்தான் எழுதுகிறேன்.

"கொமியூட்டர் லேட்டா, நீ லேட்டா?"

"நான்தான் கோச்."

"பரவால்ல, உண்மைய சொல்ற. பத்து ரவுண்டு ஓடு."

எட்டாவது ரவுண்டில் நாக்குத் தள்ளியபோது பக்கத்தில் ஒருவர் வந்து சேர்ந்து ஓடினார். ரோஸ்லி. டீமின் லெஃப்ட் பேக், இடது பக்கத் தடுப்பாட்டக்காரர், முப்பத்திரண்டு வயது. எல்லாரும் அவரை 'ரோஸ்லி பாங்' என்றுதான் கூப்பிடுவார்கள், அண்ணன் என்கிற மாதிரி. நானும் லெஃப்ட் பேக்தான்.

"என் எடத்தப் பிடிக்க வந்தவன் நீதானா?" என்றார். "மெதுவா ஓடுலா தம்பி. நான் இன்னும் ஒரு வருஷமாவது ஆடணும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். ஆனால் கணக்கு இரண்டு பேருக்கும் தெரியும். என் காண்ட்ராக்டில் முதல் மூன்று மாதம் புரொபேஷன். அதற்குள் கோச்சுக்குப் பிடிக்கவில்லை என்றால் கை குலுக்கி வீட்டுக்கு அனுப்பிவிடலாம். லெஃப்ட் பேக் இடமோ ஒன்றே ஒன்று.

அன்றைக்கே கிளப்பின் ஒரு பழக்கத்தையும் ரோஸ்லி பாங் சொல்லிக்கொடுத்தார். மேட்ச்சுக்கு முந்தின நாள் டிரெய்னிங்குக்கு முன்னால் கோச் டிரெஸ்ஸிங் ரூம் வாசலில் நிற்பார். உள்ளே போகிற ஒவ்வொருவனிடமும் ஒரே கேள்வி: "காக்கி மாச்சாம் மானா?" கால் எப்படி இருக்கு என்று அர்த்தம். நாம் சொல்லும் பதிலை வைத்துத்தான் அவர் லிஸ்ட் எழுதுவார். முக்கால்வாசிப் பேர் "ஓகே கோச்" என்று சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருப்பார்கள். ரோஸ்லி பாங் மட்டும் நின்று, தொடையைத் தடவிப் பார்த்து, "இன்னிக்கு கொஞ்சம் இறுக்கமா இருக்கு கோச்" என்பார். வயசாகிவிட்டது, பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். பத்தொன்பது வயதில் வேறென்ன நினைப்பு வரும்!

2. அம்மாவும் முருகனும்

லீக் தொடங்கும் வாரம். செவ்வாய்க்கிழமை கோச் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ரோஸ்லிக்கு பின்தொடை ஹாம்ஸ்ட்ரிங் இன்னும் சரியாகல. அவன பெஞ்சில வெச்சி ரெஸ்ட் குடுக்கப்போறேன். சனிக்கெழம நீ ஸ்டார்ட்."

பிரேக் நேரமாகப் பார்த்து அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா கிள்ளானில் ஒரு கையுறை ஃபேக்டரியில் வேலை. சந்தோஷத்தில் அவர் போட்ட சத்தத்தில் கேன்டீனே திரும்பிப் பார்த்ததாம். அடுத்த மூச்சில் கேட்டார்:

"வியாழக்கெழம தைப்பூசம்டா, ஞாபகம் இருக்கில்ல?"

இருந்தது. மறக்க முடிந்தால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. நான் செலக்‌ஷனுக்குப் போயிருந்தபோது அம்மா வேண்டிக்கொண்டார். காண்ட்ராக்ட் கிடைத்தால் பையன் மொட்டை போட்டு, பத்துமலைக்குப் பால்குடம் எடுப்பான் என்று. பையனைக் கேட்டாரா என்றால் இல்லை.

"ம்மா, அடுத்த வருஷம் எடுக்குறேன்மா. சனிக்கெழம மேட்ச்சுமா."

"காண்ட்ராக்ட் குடுக்கறப்ப முருகன் அடுத்த வருஷம் வாடான்னு சொன்னாரா?"

எந்த டிஃபென்டரும் தடுக்க முடியாத ஷாட் அது. சரி, விடியற்காலையில் போய் முடித்துவிட்டு வந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை, அன்றைக்கு டிரெய்னிங்கும் லீவு என்று சமாதானம் செய்துகொண்டேன். கோச்சிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தடுத்திருக்க மாட்டார் என்பது இப்போது தெரிகிறது. அப்போது வாயைத் திறக்கவே பயமாக இருந்தது.

விடியற்காலை என்பது எங்கள் குடும்பத்தில் ஒரு ஆசை மட்டும்தான். காஜாங்கிலிருந்து மாமா வேனை எடுத்துக்கொண்டு வரவே மணி ஒன்பது. பத்துமலை ஆற்றங்கரையில் மொட்டை போட நின்ற வரிசை நகரவே இல்லை. தலையில் சந்தனம் பூசி, குடத்தைத் தூக்கி வைத்தபோது மணி பன்னிரண்டு.

பன்னிரண்டு மணித் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்துவிடலாம், நிற்கத்தான் முடியாது. அன்றைக்குக் கூட்டம் நிற்க வைத்தது. முன்னால் ஒரு காவடி ஆடிக்கொண்டிருக்கிறது, பின்னால் ஆயிரம் பேர், இரண்டு கையும் குடத்தின்மேல். நான் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றேன்.

"வேல் வேல்னு சொல்லுடா, சூடு தெரியாது" என்றார் அம்மா பின்னாலிருந்து.

சொன்னேன். தெரிந்தது.

சும்மா சொல்லக்கூடாது, படியேறி உள்ளே பாலைக் கொடுத்தபோது மனசு நிறைந்துதான் இருந்தது. அம்மா அழுதார், நானும் கொஞ்சம் அழுதேன். கீழே வந்து, வேனில் உட்கார்ந்து, காலைத் திருப்பிப் பார்த்தபோதுதான் அழுகை வேறு மாதிரி வந்தது. இரண்டு பாதத்திலும், முன்பக்கம் நாம் ஊன்றி ஓடும் இடத்தில், ஐம்பது காசு அகலத்துக்குக் கொப்புளம். சனிக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது.

3. வெள்ளிக்கிழமைக் கேள்வி

கொப்புளத்துக்கு மேல் பிளாஸ்டர், அதற்கு மேல் இரண்டு ஜோடி சாக்ஸ், தலைக்கு ஒரு தொப்பி. யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை கிளப்புக்குப் போனேன். ரோஸ்லி பாங் பின்னாலிருந்து வந்து தொப்பியைத் தூக்கினார். சந்தன மஞ்சளோடு மொட்டைத் தலை பளபளத்தது.

"போத்தாக்!" என்று கத்தினார். மொட்டை என்று அர்த்தம். அந்த நிமிடத்திலிருந்து கிளப்பில் என் பெயரே அதுதான். மொத்த டீமும் வரிசையில் வந்து தலையைத் தட்டிவிட்டுப் போனது. கோல்கீப்பர் இரண்டு தடவை தட்டினான்.

வாசலில் கோச். அவரும் சிரித்தார். தலையைப் பார்த்தார், காலைப் பார்த்தார்.

"காக்கி மாச்சாம் மானா, போத்தாக்?"

நான் நின்றிருக்கலாம். அந்த ஒரு நொடி எனக்கு இன்னும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. முதல் ஸ்டார்ட், புரொபேஷன், சனிக்கிழமை வருவதற்கு ஒரே கலர் டீ-ஷர்ட் அடித்து வைத்திருக்கும் பதினோரு சொந்தக்காரர்கள், எல்லாம் கண் முன்னால் வந்தது.

"ஓகே கோச்" என்று சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருந்தேன்.

மேட்ச்சுக்கு முந்தின நாள் என்பதால் டிரெய்னிங் லேசானது. பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்துவிட்டேன். எங்கள் ஃபிஸியோ லதா அக்கா அன்றைக்கு லீவு. அதுவும் எனக்குத் தோதாகப் போனது. மறுநாள் காலை எங்கள் ரிசர்வ் டீம் ஒரு மேட்ச்சுக்காகத் தெற்கே ஜொகூருக்குப் பஸ் ஏறியது. அதில் ஆடும் இன்னொரு லெஃப்ட் பேக் பையனும் கூடவே போய்விட்டான். ஏனென்றால் இங்கே லெஃப்ட் பேக்குக்கு ஒரு குறையும் இல்லை, போத்தாக் ஓகே.

4. லதா அக்காவின் ஒரே கேள்வி

லதா அக்கா செந்தூல்காரர். அவருடைய அண்ணன் வருஷா வருஷம் காவடி எடுப்பவர். வெள்ளிக்கிழமை லீவு போட்டதே அந்த அலுப்பில்தான். சனிக்கிழமை டிரெஸ்ஸிங் ரூமில் டேப் சுற்றிக்கொண்டிருந்தவர் என் தலையைப் பார்த்து முதலில் சிரித்தார்.

"அட, பால்குடமா? நல்லாத்தான் இருக்கு."

அப்புறம் சிரிப்பு நின்றது.

"எத்தன மணிக்குடா நடந்த?"

மற்றவர்கள் எல்லாம் தலையைப் பார்த்தார்கள். மணியைக் கேட்க அவருக்கு மட்டும்தான் தெரிந்தது.

"பன்னெண்டுக்கா."

"கால காட்டு."

"ஓகேதான்கா…"

"என்கிட்ட கதை விடாத. கழட்டு."

கழற்றினேன். அவர் குனிந்து இரண்டு பாதத்தையும் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா, இந்த ஒரு மேட்ச்சுக்கா. நல்லா டேப் அடிச்சி விட்டுருங்கக்கா, ப்ளீஸ்கா."

"இருபது நிமிஷம் ஓடுவ. அப்புறம் கால தப்பா வெச்சி ஓடுவ, வேற எதாவது பிச்சிக்கும். மூனு மாசம் படுத்துருவ. உன் புரொபேஷன் எத்தன மாசம்?" டேப்பைக் கீழே வைத்தார். "நான் சொல்ல மாட்டேன். பொய் சொன்னது நீ, போய் நீயே சொல்லு. டீம் ஷீட் குடுக்க இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு."

கோச் கையில் பேனாவோடு இருந்தார். சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"நேத்து கேட்டேன் இல்ல?"

"கேட்டீங்க கோச்."

"நேத்து சொல்லியிருந்தா எனக்கு ஒரு ஆள் இருந்தான். இன்னிக்கு அவன் ஜொகூர்ல இருக்கான்."

அவ்வளவுதான் பேசினார். என் பெயரை அடித்துவிட்டு, திரும்பி ரோஸ்லி பாங்கைப் பார்த்தார். ரோஸ்லி பாங் சாக்ஸை இழுத்துவிட ஆரம்பித்தார்.

முப்பத்தெட்டாவது நிமிடம். எதிரணி விங்கர் பந்தை முன்னால் தட்டிவிட்டு ஓடினான். ரோஸ்லி பாங் துரத்தினார். திடீரென்று பின்தொடையைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்தார். நான் பெஞ்சில் ஜாக்கெட்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஸ்டாண்டில் கிள்ளான் கும்பல். அம்மா எழுந்து நின்று என்னைப் பார்த்துக் கையாட்டினார். அடுத்து நான்தான் இறங்கப்போகிறேன் என்று நினைத்திருக்கிறார், பாவம்.

5. ஐஸ் மூட்டை

மேட்ச் முடிந்ததும் டிரீட்மென்ட் ரூமுக்குப் போனேன். ரோஸ்லி பாங் தொடையில் ஐஸ் மூட்டையோடு குப்புறப் படுத்திருந்தார்.

"என்னாலதான் பாங்" என்றேன். விம்மி விம்மி அழுதேன்.

"சாமிக்கு செஞ்சது தப்பில்ல" என்றார். "நேத்து வாசல்ல சொல்லியிருக்கணும். சொல்லியிருந்தா அந்தப் பையன் பஸ் ஏறியிருக்க மாட்டான். நான் பெஞ்சுல உக்காந்து உன் மொட்டைய பாத்துச் சிரிச்சிட்டு இருந்திருப்பேன்."

நான் இன்னும் அழுதுகொண்டிருந்தேன்.

"நிறுத்துலா. மொட்டையோட அழுதா பாக்க சகிக்கல."

அவருக்குத் தேற மூன்று மாதம் ஆனது. என் கொப்புளம் பத்து நாளில் ஆறியது. இடம் காலியாக இருந்தது, ரிசர்வ் பையன் ஒரு மேட்ச் சமாளித்தான், அப்புறம் கோச் என்னை இறக்கினார். நன்றாகத்தான் ஆடினேன். புரொபேஷன் முடிந்தது, அந்த இடத்தில் ஒன்பது சீசன் ஆடினேன். ரோஸ்லி பாங் திரும்பி வந்தபோது அவருக்கு பெஞ்ச்தான் கிடைத்தது. வருஷக் கடைசியில் அவருடைய காண்ட்ராக்டை நீட்டிக்கவில்லை. இன்னும் ஒரு வருஷமாவது ஆடணும் என்று முதல் நாள் சொன்னவர்.

"பாத்தியா, முருகன் கைவிடல" என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். நான் தலையாட்டுவேன். முருகன் கொடுத்திருக்கலாம். அது யாரிடமிருந்து எடுத்தது என்று எனக்குத் தெரியும், அம்மாவிடம் அதை மட்டும் சொன்னதில்லை.

இப்போது பிரிக்ஃபீல்ட்ஸில் குடியிருக்கிறேன். ஒரு இளையோர் டீமுக்கு அசிஸ்டன்ட் கோச். மேட்ச்சுக்கு முந்தின நாள் வாசலில் நிற்பது என் வேலை. கால் எப்படி என்று நான் கேட்பதில்லை. "பூட்ஸக் கழட்டு" என்பேன். என் முதுகுக்குப் பின்னால் பையன்கள் எனக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதும் தெரியும், இருக்கட்டும். புதிதாகக் கையெழுத்துப் போட்டிருக்கும் தம்பிகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: நீங்கள் மறைக்கிற வலி உங்கள் காலோடு நிற்காது. உங்களுக்குப் பதிலாக இறங்குகிறானே, அவன் காலில் போய்த்தான் முடியும்.

ரோஸ்லி பாங் காஜாங்கில் ஃபுட்சால் கோர்ட் நடத்துகிறார். தைப்பூசத்துக்கு முந்தின நாள் தவறாமல் எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வரும். "போத்தாக், நாளைக்கு எத்தன மணிக்கு? காலையிலேயே போயிருலா." இந்த வருஷமும் வந்தது. ஆறு மணிக்கே போய்விட்டேன். இறங்கி வந்ததும், "முடிஞ்சது பாங், கால் ஓகே" என்று எழுதினேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது.

"உண்மையாவா?"

அங்கேயே ஓரமாக உட்கார்ந்து, இரண்டு பாதத்தையும் படம் எடுத்து அனுப்பினேன்.